கொழும்பில் சாமான் வாங்கும்போது கூடுதல் காசு கொடுக்காமலிருக்க

கிலோ என்ன விலை என்று நாலு கடையில் கேட்டு, பத்து ரூபா குறைந்த இடத்தில் வாங்கி, தராசில் முப்பது ரூபாவை விட்டுவிட்டு வருவது இங்கே சர்வசாதாரணம். விலையை எல்லோரும் கேட்கிறோம். நிறையையும் அலகையும் பில்லையும் பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே தராசிலிருந்தே தொடங்குவோம்.

தராசு

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, இப்போது அநேகமான கடைகளில் இருப்பது டிஜிட்டல் தராசு. அதில் மூன்று எண்கள் தெரியும்: நிறை, கிலோ விலை, மொத்தம். வாங்குபவர் பக்கமும் ஒரு திரை இருக்கும். அதை முட்டைத் தட்டோ பிஸ்கட் பெட்டியோ மறைத்துக்கொண்டிருந்தால், நிறுக்க முன்னரே ஒதுக்கச் சொல்லுங்கள். நிறுத்து முடிந்தபின் கேட்டால் அது சண்டையாகத்தான் போகும்.

பொருளை வைக்க முன் திரையில் 0.000 இருக்கவேண்டும். கூடையிலோ தட்டிலோ போட்டு நிறுக்கிறார்கள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. வெறுங்கூடை தராசில் இருக்கும்போது சைபர் காட்டி, கூடையைத் தூக்கியதும் –0.150 போன்ற கழித்தல் எண் வந்தால் கூடையின் நிறை கழிக்கப்பட்டிருக்கிறது. தூக்கியதும் 0.000 என்று வந்தால் கூடைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். 150 கிராம் கூடை, கிலோ 200 ரூபா வெங்காயத்தில் 30 ரூபா. அதே கூடை கிலோ 2,000 ரூபா இறாலில் 300 ரூபா. விலை கூடிய பொருளில்தான் தராசைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். பலர் செய்வது இதற்கு நேர்மாறு.

"அண்ணா, கூடையை வைச்சு ஒருக்கா சைபராக்கிப் போட்டு நிறுங்கோ" என்றால் போதும். இதைக் கேட்டு முகம் சுளிக்காத கடைக்காரர்தான் அதிகம்.

எண் ஆடிக்கொண்டிருக்கும்போதே பொருளை எடுத்துவிடுவது இன்னொரு பழக்கம். கொட்டிய வேகத்தில் எண் ஒரு கணம் மேலே ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். ஏறிய எண்ணை வைத்துக் கணக்குச் சொன்னால் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். பையின் ஒரு பக்கம் மேசையில் முட்டிக்கொண்டிருந்தாலும் தராசு பிழையாகக் காட்டும்.

தராசிலேயே சந்தேகம் வந்தால், அதே கடையிலிருந்து உடைக்காத ஒரு கிலோ சீனிப் பக்கெட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். உறையோடு சேர்த்து ஒரு கிலோவை விடச் சில கிராம் கூடக் காட்டவேண்டும். 1.050க்கு மேல் போனால் அந்தத் தராசில் நிறுத்து எதையும் வாங்காதீர்கள். வியாபாரத் தராசுகளையும் படிக்கற்களையும் பரிசோதித்து முத்திரையிடும் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு உரியது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. இரட்டைத் தட்டுத் தராசு வைத்திருக்கும் மரக்கறிக்காரரிடம், வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா, தட்டுக்கு அடியில் ஏதும் ஒட்டியிருக்கிறதா, படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கல்லுக்குப் பதிலாக வேறு ஏதாவது இரும்புத் துண்டு வந்தால் அடுத்த கடைக்கு நடப்பதே நல்லது.

மீனும் கோழியும்

மீன் வெட்ட முன்பே நிறுக்கப்படும். அது வழமை, ஏமாற்று அல்ல. ஏமாற்று நடப்பது வெட்டிய பிறகு: தலையும் வால்பக்கத் துண்டுகளும் திரும்பி வருவதில்லை. நிறுக்கும்போதே "தலையும் வேணும்" என்று சொல்லிவிட்டு, வெட்டி முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். தளபத், கெலவல்ல போன்ற பெரிய மீன்களைத் துண்டாக வாங்கினால் நீங்கள் தெரிந்தெடுத்த துண்டுதான் தராசுக்குப் போகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் இருந்த மீனோடு ஐஸ் கட்டியும் சேர்ந்து வந்தால் உதறச் சொல்லுங்கள். உறைந்த இறால் பக்கெட்டிலும் பனிப்படலம் நிறையாகிவிடும். உருகி வடிந்தபின் நிறுத்துப் பார்த்தால் அடுத்த முறை எந்தப் பிராண்ட் என்று தெரியும்.

கோழியில் தோலோடு ஒரு விலை, தோல் நீக்கி ஒரு விலை. தோலோடு நிறுத்துவிட்டுத் தோல் நீக்கிய விலையைப் போடுகிறார்களா என்பதைப் பாருங்கள்.

எந்த அளவுக்கு இந்த விலை?

செத்தல் மிளகாய், சீரகம், நெத்தலிக் கருவாடு எல்லாவற்றுக்கும் பலகையில் 100 கிராம் அல்லது 250 கிராம் விலைதான் எழுதியிருக்கும். பக்கத்துக் கடையில் கிலோ விலை. 250 கிராம் விலையை 4ஆலும், 100 கிராம் விலையை 10ஆலும் பெருக்கிவிட்டே ஒப்பிடுங்கள்.

தேங்காயெண்ணெயில் குழப்பம் கூட. சில்லறைக்கடையில் "போத்தல்" என்றால் 750 மில்லிலீற்றர், லீற்றர் அல்ல. போத்தல் விலையை 4ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் லீற்றர் விலை வரும்: போத்தல் 600 ரூபா என்றால் லீற்றர் 800. கிலோக்கணக்கில் விற்கும் கடையில், ஒரு லீற்றர் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான் நிறுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பெரிய பக்கெட் எப்போதும் மலிவு என்பதை நம்பவேண்டாம். ஒரு பேச்சுக்கு, 400 கிராம் பால்மா 1,100 ரூபா, ஒரு கிலோ 2,850 ரூபா என்று வைத்துக்கொண்டால், சிறியதில் 100 கிராம் 275 ரூபா, பெரியதில் 285 ரூபா. தேயிலை, சவர்க்காரத்தூள், பிஸ்கட் எல்லாவற்றிலும் இப்படி வரும். பழைய விலையிலேயே பக்கெட்டின் கிராமைக் குறைத்துவிடுவதும் உண்டு. அது சட்டவிரோதமல்ல, கண்ணால் பார்ப்பதுதான் ஒரே வழி.

பாணுக்கு மட்டும் நிறை கட்டுப்பாடு தெளிவாக உண்டு: 2024 முதல் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்கவேண்டும். முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 9 கிராமும் குறையலாம். வீட்டில் சமையல் தராசு இருந்தால் வழமையாக வாங்கும் பேக்கரியின் பாணை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

அச்சிட்ட விலையும் வர்த்தமானி விலையும்

பக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாவும் கேட்கமுடியாது. "கூலருக்குக் கரண்ட் காசு" என்று குளிர்பானத்தில் பத்து ரூபா ஏற்றுவதும் இதில் அடங்கும். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். அது அச்சிட்ட விலைக்குள்ளேயே இருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் வரி போட்டிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். அச்சிட்ட விலைக்கு மேல் கூடிய விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் சற்றுக் கிளப்பிப் பாருங்கள். விலை ஏறும் நாட்களில் பழைய சரக்கில் இது நடக்கும். லேபலை மறைப்பதும் மாற்றுவதும் கடைக்காரருக்குக் குற்றம்.

சில பொருள்களுக்கு அரசாங்கமே உச்ச விலை வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் வர்த்தமானியின்படி கிலோவுக்கு நாட்டரிசி 230, பச்சையரிசி 220, சம்பா 240, கீரிச்சம்பா 260 ரூபா. போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் 70, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130, ஐந்து லீற்றர் 350 ரூபா. இவை வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறும் என்பதால் புதிய அறிவிப்பு வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உச்ச விலையை மீறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி தனிநபர் கடைக்கு ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபா வரையும், கம்பனிக்கு ஐந்து லட்சம் முதல் ஐம்பது லட்சம் வரையும் தண்டம். பத்து ரூபாவுக்காக இதை ஒரு கடைக்காரர் விரும்பமாட்டார். மெதுவாக ஞாபகப்படுத்தினாலே விலை இறங்கும்.

அரிசியில் விலையை விட ரகத்தைப் பாருங்கள். மூட்டையிலிருந்து அள்ளித் தரும்போது சம்பா கீரிச்சம்பாவாகிவிடும். மூட்டையின் லேபலைக் காட்டச் சொல்லுங்கள்.

உச்ச விலை இல்லாத மரக்கறிக்கு மத்திய வங்கி வெளியிடும் நாளாந்த விலை அறிக்கை உதவும். புறக்கோட்டை, நாரஹேன்பிட்டி விலைகள் அதில் வரும். உங்கள் தெருக்கடை அதைவிடச் சற்றுக் கூடத்தான் விற்கும், வண்டிக்கூலியும் அழுகலும் இருக்கிறதே. இரட்டிப்பாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். இரண்டு கிலோ வெங்காயத்துக்காகப் புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கு ஆட்டோ பிடிப்பது முட்டாள்தனம். பருப்பு, சீனி, வெங்காயம், கருவாடு என்று மாதச் சாமானை ஒன்றாக வாங்கினால் அந்தப் பயணத்துக்குப் பெறுமதி உண்டு.

சுப்பர்மார்க்கெட் பில்

இங்கே தராசை விடக் கணினிதான் பிழைவிடும். பொருள் அடுக்கியிருக்கும் தட்டில் விலை மாறியிருக்கும், கணினியில் மாறியிருக்காது, அல்லது மறுபக்கம். சலுகை அட்டைக்குக் கீழே வேறு அளவுப் பக்கெட்டை அடுக்கியிருப்பார்கள். அட்டையில் எழுதியிருக்கும் கிராமையும் கையிலிருக்கும் பக்கெட்டின் கிராமையும் ஒப்பிட்டுவிட்டு, சலுகைப் பொருள் என்றால் அட்டையைப் போனில் ஒரு படம் எடுங்கள். கவுண்டரில் வாக்குவாதம் வந்தால் அந்தப் படம் பேசும்.

சலுகையின் சிறிய எழுத்தில் மூன்று விடயங்கள் பாருங்கள்: அங்கத்துவ அட்டை அல்லது போன் இலக்கம் வேண்டுமா, எந்த வங்கி அட்டை எந்தக் கிழமை, ஆகக் குறைந்த பில் தொகையும் கழிவின் உச்ச வரம்பும் எவ்வளவு. மரக்கறிக்கு 25 வீதம் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், வரம்பு தாண்டியபின் ஒரு சதமும் கழியாது.

கவுண்டரில் சாமானை இப்படி வையுங்கள்: சலுகைப் பொருள்கள் முதலில், பிறகு நிறுத்து லேபல் ஒட்டியவை, பிறகு மற்றவை. முதல் இரண்டு வகையிலும்தான் பிழை வரும். கண் களைக்க முன் அவை முடிந்துவிடும். நிறுத்து ஒட்டும் மரக்கறி, பழங்களில் பெயரைப் படியுங்கள். உள்ளூர்க் கொய்யாவுக்குத் தாய்லாந்துக் கொய்யாவின் இலக்கத்தை அழுத்திவிடுவது நடக்கும்.

காசு கொடுத்தபின், கடையை விட்டு வெளியேற முன், பில்லில் அளவு நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். ஒன்றுக்குப் பதில் இரண்டு விழுந்திருப்பது அங்கேதான் தெரியும். பிறகு விலை கூடிய ஐந்தாறு வரிகள், பிறகு கழிவு வரிகள். கடைசியில் பை: 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடி உள்ள பொலிதீன் பையை இலவசமாகத் தரமுடியாது, அதன் விலை பில்லில் தனியாகக் காட்டப்படவேண்டும். கேட்காத பை இரண்டு ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

அட்டையில் கட்டுவதென்றால் இயந்திரத்தில் காட்டும் தொகையைப் பார்த்தபின்னரே தட்டுங்கள். பிழை தெரிந்தால் அன்றைக்கே ரத்துச் செய்யக் கேளுங்கள். மறுநாளானால் காசு கணக்குக்குத் திரும்ப நாட்கள் எடுக்கும். சிறிய கடைகளில் "காட் என்றால் மூன்று வீதம் கூட" என்பார்கள். வியாபாரி வங்கிக்குக் கொடுக்கவேண்டிய தரகை வாடிக்கையாளர் தலையில் போடக்கூடாது. அப்படி எடுத்தால் பில்லோடு உங்கள் அட்டையைத் தந்த வங்கியில் முறையிடுங்கள்.

கொப்பிக் கணக்கும் மிச்சக் காசும்

மாதக் கடனுக்கு வாங்கும் வீடுகளில் கொப்பி கடையில் மட்டும் இருக்கக்கூடாது. உங்களிடமும் ஒன்று வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் எழுதிய பக்கத்தைப் போனில் படமெடுங்கள். தொகையை மட்டும் எழுதாமல் பொருள், அளவு, விலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் நாட்களில் துண்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மிச்சக் காசுக்கு டொபி தந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பிழை என்றால்

முதலில் கடையிலேயே, சத்தமில்லாமல். "தம்பி, இந்த வரி ஒருக்காப் பாருங்கோ, தட்டில வேற விலை போட்டிருக்கு" என்றால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது கடைக்காரரின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சிங்களம் மட்டும் பேசும் கடையில் "பில் எகக் தென்ன" என்றால் போதும். கையால் எழுதிய துண்டு என்றால் கடைப் பெயரும் திகதியும் இருக்கட்டும்.

கடைக்காரர் மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். தலைமையகம் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில். அழைக்க முன் கடையின் பெயர், வீதி இலக்கம், வாங்கிய நாள், நேரம், கேட்ட விலை, இருக்கவேண்டிய விலை எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொருளை உடைக்காமல், லேபல் தெரிய வையுங்கள். சுப்பர்மார்க்கெட் பில் வெப்பத்தாளில் அச்சாவதால் சில கிழமைகளில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள்.