'பிறவிக் குணம்' என்று கைவிட்டுவிடாதீர்கள்: ஆளுமைக் கோளாறும் பேச்சு சிகிச்சையும்

"பிறவிக் குணம் பொங்கல் வைத்தாலும் போகாது" என்பது பழமொழி. ஒரு சொல் பொறுக்காமல் மூன்று நாள் சோறு தொடாமல் கிடக்கும் மகளைப் பற்றிக் கேட்டாலும், நிழலையும் சந்தேகப்படும் மாமனாரைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு அந்தப் பழமொழியில்தான் போய் முடிகிறது. வயசுப் பிள்ளை என்றால், "ஒரு கண்ணாலத்தப் பண்ணி வெச்சா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க" என்கிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில், உணர்ச்சி சட்டெனக் கொந்தளித்து உறவுகள் நிலைக்காத 'பார்டர்லைன்' என்ற ஆளுமைக் கோளாறு உள்ளவர்களை மேரி ஜனாரினியின் குழு 10 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லோரும் உள்நோயாளியாகச் சேரும் அளவுக்கு முற்றியிருந்தவர்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, அவர்களில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி, குறைந்தது 2 ஆண்டுகள் அப்படியே இருந்தன. ஆனால் அதோடு வேலையும் உறவும் நிலைத்து முழுதாகத் தேறியவர்கள் பாதிப் பேர்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே மனதில் வையுங்கள். குணம் மாறும். ஆத்திரம் அடங்குவதோடு நிற்காமல், வேலையையும் உறவையும் காப்பாற்றப் பழகுவதுதான் பெரிய பாடு. சிகிச்சை தேடும்போது குறி அங்கே இருக்க வேண்டும்.

குணம் எங்கே கோளாறாகிறது

மூன்று கேள்விகள் போதும். இது பல வருடமாக, பதின்பருவம் அல்லது இருபதுகளின் தொடக்கம் முதலே இருக்கிறதா? வீடு, வேலை, சொந்தபந்தம் என எல்லா இடத்திலும் தலைகாட்டுகிறதா? அவருக்கோ கூட இருப்பவர்களுக்கோ மீண்டும் மீண்டும் நட்டத்தையும் வேதனையையும் தருகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால்தான் ஆளுமைக் கோளாறா என்று பார்க்க வேண்டும். மில்லில் சிடுசிடுத்து வீட்டில் சிரித்துப் பேசும் மேஸ்திரிக்கு இது இல்லை. போன வருடம் கடன் நெருக்கியதில் இருந்து எரிந்து விழுபவருக்கும் இது இல்லை. அவருக்கு மனச்சோர்வாக இருக்கலாம்.

நம் கொங்குப் பக்கத்து வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தோட்டம் விற்பதோ சம்பந்தம் பேசுவதோ அப்புச்சியை (அம்மாவின் அப்பாவை) கேட்டுத்தான் என்பது இங்கே மரியாதை. அதைச் 'சார்ந்திருக்கும் ஆளுமை' என்று எழுதிவிடக் கூடாது. எந்தச் சேலை கட்டுவது, கடையில் எதை வாங்குவது என்பதைக்கூட ஒருவர் சொல்லாமல் செய்ய முடியாமல், அவர் அடித்தாலும் விலக முடியாமல் தவித்தால் அது வேறு.

2013-ல் வந்த அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 10 வகைகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. ஒதுங்கியும் சந்தேகித்தும் வாழ்பவர்கள் ஒரு கூட்டம். உணர்ச்சி கொந்தளிப்பவர்களும் அடுத்தவரை மதிக்காதவர்களும் இன்னொன்று. பயத்திலேயே வாழ்பவர்கள் மூன்றாவது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 இந்த வகைகளைக் கைவிட்டு, லேசு, நடுத்தரம், கடுமை என்று அளவு சொல்லி, எந்தக் குணக்கூறு தூக்கலாக இருக்கிறது என்று குறிக்கிறது. பார்டர்லைன் என்ற பெயரை மட்டும் கூடுதல் குறிப்பாக வைத்துக்கொண்டது. அதனால் ஒரு மருத்துவர் ஒரு பெயரும் இன்னொருவர் வேறு பெயரும் எழுதினால் பதற வேண்டாம்.

பார்டர்லைனில் தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பீதி, இன்று தெய்வமாகத் தெரிபவர் நாளை எதிரியாகத் தெரிவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, உள்ளே வெறுமை என 9 அடையாளங்கள் உண்டு. 5 இருந்தால் டிஎஸ்எம் கணக்கில் வரும். இதை, எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை தின்பவர்கள் உண்டு. பிரித்தறிய ஒரு வழி: பார்டர்லைனில் மனநிலை சில மணி நேரத்தில் புரளும், பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு வார்த்தையால். இருதுருவ நோயின் எழுச்சிக் கட்டம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். தூக்கமே இல்லாமலும் உடம்பு அசராது.

எல்லாம் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் இங்கே அதிகம் கவனிக்கப்படாத ஒரு வகை ஆளுமைக் கோளாறு. வேலையை யாரிடமும் ஒப்படைக்க மாட்டார், ஒரு பீஸில் நூல் பிசிறு இருந்தால் மொத்த ஆர்டரையும் பிரித்துப் பார்த்து, ஷிப்மென்ட் தேதியைக் கோட்டைவிடுவார். ஊர் அவரை 'சுத்தக்காரர்' என்று மெச்சும். வீட்டில் பிள்ளைகள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருப்பார்கள். கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடி நோய் வேறு: அதில் அவருக்கே அந்த எண்ணம் தொல்லையாகத் தெரியும். இதில் தான் செய்வதே சரி என்று தோன்றும்.

இணையத்தில் கேள்வித்தாள் நிரப்பி வீட்டாருக்குப் பட்டம் கட்டாதீர்கள். தைராய்டு, குடி, மனச்சோர்வு, பழைய அதிர்ச்சி ஆகியவற்றை விலக்கி, பழைய கதையை நிதானமாகக் கேட்டு, முடிந்தால் வீட்டாரில் ஒருவரிடமும் பேசித்தான் நல்ல மருத்துவர் முடிவுக்கு வருவார். முதல் பத்து நிமிடத்தில் பெயர் சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

யாரிடம் போவது

கோவை, பெருந்துறை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மருத்துவரால் அரைமணி பேச முடியாது. அதனால், "மருத்துவ உளவியலாளரிடம் வாரம் ஒரு முறை பேச்சு சிகிச்சை வேண்டுமுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் மாத்திரைச் சீட்டோடு திரும்ப நேரும்.

தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், ஆர்.சி.ஐ. எண் இருக்கும். சில மாதப் படிப்பில் 'கவுன்சிலர்' பலகை மாட்டியவர்கள் கொங்குப் பகுதியின் எல்லா ஊரிலும் உண்டு. தேர்வு பயத்துக்கு அவர்கள் உதவலாம். இந்தக் கோளாறுக்குப் போதாது.

முதல் அமர்வில் கேட்க வேண்டியவை: ஆளுமைக் கோளாறுக்கு என்ன முறையில் பார்க்கிறீர்கள்? எத்தனை மாதம்? ஒரு அமர்வுக்குக் கட்டணம் எவ்வளவு, வராத நாளுக்கும் கட்ட வேண்டுமா? இரவில் நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது? நான் சொல்வதை வீட்டில் சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்கு 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமே பதில் சொல்கிறது: நீங்கள் சொல்வது ரகசியம், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு.

தாராபுரத்தில் இருந்தோ அந்தியூரில் இருந்தோ வாரம் ஒரு முறை கோவைக்குப் பஸ் ஏறுவது ஆறு மாதத்தில் சலித்துவிடும். முதல் சில அமர்வு நேரிலும் மற்றவை வீடியோவிலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வீடியோவுக்குத் தனியிடம் வேண்டும். பத்துப் பேர் நடமாடும் வீட்டில் கதவடைத்துப் பேசினால் அடுத்த வேளையே விசாரணை வரும். தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு), நிறுத்திய கார், சிநேகிதி வீட்டு மாடி, எதுவானாலும் ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே நேரம்.

மாத்திரை எவ்வளவு தூரம்

பார்டர்லைனுக்கென்றே அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்த மருந்து எதுவும் இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை உதவும். மருத்துவர் தந்ததை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு மாத்திரை கூடிக்கொண்டே போனால், எது எதற்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அடிப்படைச் சிகிச்சை பேச்சுதான்.

பேச்சில் என்னதான் நடக்கிறது

அறிவுரை இல்லை. பல முறைகள் உண்டு: சிறுவயதில் பதிந்த நம்பிக்கைகளை ஆராயும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை, என் மனதிலும் எதிராளி மனதிலும் என்ன ஓடுகிறது என்று யோசிக்கப் பழக்கும், பேட்மனும் ஃபோனகியும் வகுத்த முறை (இது பெரும்பாலும் 18 மாதம்). அதிகம் ஆராயப்பட்டது, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), கொந்தளிப்பைச் சமாளிக்கும் திறன்களைப் பழக்கும் முறை. 1993-ல் பாடநூலாக வந்தது. தானும் இளவயதில் தற்கொலை எண்ணத்தோடு மனநல மருத்துவமனையில் கிடந்தவர்தான் என்பதை அவர் 2011-ல் வெளியே சொன்னார்.

முழு டிபிடி என்றால் வாரம் ஒரு தனி அமர்வு, ஏறத்தாழ இரண்டரை மணி நேரக் குழு வகுப்பு, இடையில் போன் உதவி, சிகிச்சையாளர்களுக்குள் ஒரு ஆலோசனைக் கூட்டம். 24 வாரப் பாடத்தை இரண்டு சுற்று முடிக்க ஒரு வருடம் ஆகும். நான்கு வாரம் தொடர்ந்து வராவிட்டால், ஒப்புக்கொண்ட காலம் முடியும்வரை நீக்கம். நம் பக்கம் நான்கும் சேர்ந்து கிடைப்பது அரிது. தனி அமர்வும் திறன் பயிற்சியும் கிடைத்தாலே தொடங்கிவிடலாம்.

நோட்டு ஒன்று போடுங்கள். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம்: இன்று கோபம், துக்கம், வெட்கம் எவ்வளவு என்று 0 முதல் 5 வரை, தன்னைக் காயப்படுத்தும் உந்துதல் எவ்வளவு, தூக்கம், சாப்பாடு, குடி, எந்தப் பயிற்சி செய்தேன். அமர்வுக்குப் போகும் பஸ்ஸில் ஏழு நாளையும் சேர்த்து எழுதினால் பயனில்லை. நடந்து மூன்று நாள் ஆனதை மனம் திருத்தி வைத்திருக்கும்.

அடுத்தது சங்கிலி ஆய்வு. எடுத்துக்காட்டாக, திருப்பூரில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண் சட்டென வேலையை வீசிவிட்டு வந்துவிடுகிறார். ஒரே வருடத்தில் நான்காவது கம்பெனி. 'கோபம் வந்துருச்சு' என்பதோடு விடாமல் கண்ணி கண்ணியாகப் பிரிக்க வேண்டும். முதல்நாள் ஒன்றரை ஷிப்ட், தூக்கம் நான்கு மணி நேரம், காலையில் வெறும் டீ. பதினொரு மணிக்குச் செக்கிங்கில் இருந்து பீஸ் திரும்பி வருகிறது. மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க" என்ற எண்ணம். முகம் சுடுகிறது. வெட்கம், அது ஒரு நொடியில் கோபமாகிறது. எழுந்து போகிறார். வாசலைத் தாண்டியதும் நிம்மதி. அந்த நிம்மதிதான் இந்தப் பழக்கத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது. சாயங்காலம் வாடகை நினைவுக்கு வருகிறது. இத்தனை கண்ணியில் எதை அறுப்பது சுலபம்? காலைச் சோறு ஒன்று. முகம் சுட்டதும் பாத்ரூம் போய் முகம் கழுவுவது இன்னொன்று. அடுத்த வாரத்துக்கு இந்த இரண்டும்தான் வேலை.

முகம் கழுவுவது சும்மா சொல்வதில்லை. குண்டாவில் குளிர்ந்த நீர் வைத்துக் குனிந்து, மூச்சை அடக்கி, கண்ணும் கன்னமும் நனைய 30 விநாடி வரை முகத்தை வைத்தால் இதயத் துடிப்பு தானே மட்டுப்படும். ஐஸ் மிதக்கும் நீர் வேண்டாம். இதய நோயோ உணவை ஒதுக்கும் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அவர்களுக்கு 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே என ஐந்து நிமிடம் மூச்சு விடுவது போதும். மனம் சாந்தமாக இருக்கும்போதே தினமும் பழக வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது.

எங்கே அறுந்துபோகிறது

மூன்றாவது, நான்காவது மாதத்தில் சிகிச்சையாளர் மேல் கடும் கோபம் வரும். லீவு போட்டிருப்பார், அமர்வு தள்ளிப்போயிருக்கும், அல்லது பிடிக்காத ஒரு உண்மையைச் சொல்லியிருப்பார். 'இவரும் இப்படித்தான்' என்று அத்தோடு நிறுத்திவிட்டு வேறொருவரைத் தேடுவார்கள். அங்கேயும் நான்காவது மாதம் வரும். கோபத்தோடே போய், அந்தக் கோபத்தையே அவரிடம் சொல்லுங்கள். வீட்டிலும் வேலையிலும் நடப்பது அந்த அறைக்குள் அப்போதுதான் நடக்கிறது. சண்டைக்குப் பிறகும் உறவு நிற்கும் என்பதைப் பழகவும் அதுவே வாய்ப்பு. ஆனால் சிகிச்சையாளர் இழிவாகப் பேசினாலோ, தொட்டாலோ, பணத்தேவை சொல்லிக் கடன் கேட்டாலோ பழக வேண்டிய பாடம் எதுவும் அதில் இல்லை. அன்றே நிறுத்துங்கள்.

சண்டை நடந்த வாரம் மட்டும் போவது இன்னொரு தவறு. அமைதியான வாரத்தில்தான் புதுத் திறன் மண்டையில் ஏறும்.

வீட்டார்

நோயின் பெயரை ஆயுதமாக எடுக்காதீர்கள். "உனக்குத்தான் அந்த வியாதி இருக்குதே" என்று ஒரு முறை சொன்னால் ஆறு மாத உழைப்பு போச்சு. உணர்ச்சியை ஒப்புக்கொள்வதும் செயலை ஒப்புக்கொள்வதும் வேறு வேறு. "கண்ணு, அத்தன பேரு முன்னால சொன்னது உனக்குச் சுருக்குன்னு இருந்திருக்கும்" என்று முதலில் சொல்லுங்கள். போனை உடைத்தது சரி என்று சொல்ல வேண்டியதில்லை. புதுப் போன் உடனே வாங்கித் தரவும் வேண்டியதில்லை. இன்று கத்தினால் கிடைக்காது, நாளை கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் கத்தல் இரட்டிப்பாகும்.

சாகப் போகிறேன் என்பதை 'மிரட்டல்' என்று தள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் வாசல் தெளிக்க வாங்கி வைக்கும் சாணிப்பொடி (சாணிக்குப் பதில் கரைக்கும் நச்சுச் சாயப்பொடி), தோட்டத்துப் பூச்சிமருந்து, எலி மருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டு இன்றே வெளியேற்றுங்கள். மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் பூட்டி, அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிர் காக்கும். மாவட்டம் எதுவானாலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

ஏதாவது நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து, 'வயித்து வலி' என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள். என்ன உட்கொண்டார் என்று தெரியாமல் சரியான சிகிச்சை தர முடியாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

எப்போது முடிப்பது

பட்டென்று நிறுத்த வேண்டாம்; விட்டுவிடுவார்களோ என்பதே நோயாக இருக்கும்போது பட்டென்ற முடிவு பழைய புண்ணைக் கிளறும். முடிவுத் தேதியை மூன்று மாதம் முன்பே பேசிக் குறியுங்கள். வாரம் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று. இந்த இடைவெளிகளில் அறிகுறி கொஞ்சம் தலைதூக்கும், எதிர்பார்க்க வேண்டியதுதான். கடைசி அமர்வில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எனக்குச் சறுக்கல் எந்த அடையாளத்தோடு தொடங்கும், முதலில் எதைச் செய்வேன், யாரை அழைப்பேன். அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், தேடாமல் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு நகல் வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடமும் இருக்கட்டும்.