பழைய முடிதிருத்தும் நாற்காலியை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் கோக்கன், சிகாகோவின் தியோ கோக்ஸ், எமில் பைடார் ஆகிய நிறுவனங்களின் முடிதிருத்தும் நாற்காலிகளைச் சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுகின்றனர். நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் கால்வைக்கும் சட்டத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் அங்கே பாருங்கள்.

வெள்ளை எனாமல் பூசிய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நாற்காலிகளில், விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த எனாமலின் நிலைதான். அது உலைச் சூட்டில் உருக்கி இரும்பின்மேல் படியவைத்த கண்ணாடிப் பூச்சு. எனவே பெயர்ந்த இடத்தைப் பழையபடி சீராக்குவது மிகக் கடினம். பெயின்ட் பூசி மறைத்திருந்தால், விளக்கைச் சாய்த்துப் பிடிக்கும்போது அந்த இடம் மட்டும் பளபளப்பு மாறித் தெரியும். விரல் நகத்தால் மெல்ல வருடினால் விளிம்பும் தட்டுப்படும்.

அடுத்து, நெம்புகோலை இயக்கி இருக்கையை உயர்த்தி, ஒருவரை அதில் அமரச் செய்து சில நிமிடங்கள் கவனியுங்கள். இருக்கை தானாகவே இறங்கினால் ஹைட்ராலிக் பம்பின் (எண்ணெய் அழுத்தத்தால் இருக்கையை உயர்த்தும் பம்பு) சீல்கள், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்கள், தேய்ந்திருக்கக்கூடும். பழுதுபார்க்கக்கூடிய குறைதான் என்றாலும், அந்தச் செலவை விலையில் கட்டாயம் கழிக்கச் சொல்லுங்கள். தோலுறையை மாற்றியிருப்பதை நான் பெரிய குறையாகக் கருதுவதில்லை. தலைசாய்ப்பான் தொலைந்திருப்பதே பெருங்குறை. ஏனெனில், ஒரு மாடலுக்குரியது இன்னொன்றில் எளிதில் பொருந்தாது.

குதிரைத் தலை பொருத்திய சிறுவர் நாற்காலி கிடைத்தால், அதன் மரவேலைப்பாடு அசல்தானா என்பதை நிதானமாக ஆராய்ந்த பின்னரே விலை பேசுங்கள். எடுத்துச் செல்லும்போது இருக்கையையும் அடித்தளத்தையும் தனித்தனியாகக் கழற்றி, எனாமல் பகுதிகளைக் கம்பளியால் சுற்றிக் கட்டுங்கள்.