காதுவலி என்று அலைந்தேன், காரணம் தாடையில் இருந்தது

மூன்று வாரமாகக் காலையில் எழும்போதே இடது காதுக்குள் குத்தும், நெற்றிப் பொட்டில் தலையிடி, பதினொரு மணியானால் தானாகக் குறையும். திருகோணமலை உப்புவெளிக் கடற்காற்று காதுக்குள் போய்விட்டது என்று அம்மா சொல்ல, பஞ்சு அடைத்தேன், வேது பிடித்தேன். பனடோல் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. காது வைத்தியர் காதில் ஒன்றுமில்லை என்றார். கண்ணாடியும் மாற்றினேன், வீண் செலவு.

அப்புறம் பல் துலக்கும்போது தற்செயலாகக் கவனித்தேன்: நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த அலை அலையான தடம், கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பல் வைத்தியரிடம் காட்டியதும், தூக்கத்தில் பல்லை இறுக்கிக் கடிக்கிறீர்கள் என்றார். தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருப்பதால் அந்த வலி காதுவலி போலவே தெரியுமாம். அடுத்துக் கேட்டது, "மனதில் ஏதும் யோசனையா, கவலையா?" ஓட்டோவுக்கான லீசிங் தவணை இரண்டு மாதம் நிலுவை, ஒவ்வொரு இரவும் படுக்கையில் கிடந்து போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல்லுக்கு அளவெடுத்துச் செய்த பாதுகாப்பு உறையை இரவில் மேல் பல்லில் போட்டேன். கணக்கைப் பின்னேரம் ஆறு மணிக்கே கொப்பியில் எழுதி மூடினேன், நிலுவையைப் பிரித்துக் கட்ட லீசிங் கம்பனிக்கு நேரில் போய்க் கேட்டு ஒப்புதலும் வாங்கினேன். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது, இது எனக்கு அதுவரை தெரியாது. ஓட்டோ ஹாண்டிலில் சிவப்பு நூல் கட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தினேன். பத்தாம் நாள் வலியில்லாமல் எழுந்தேன், நாக்குத் தடம் மறைய இன்னும் இரண்டு வாரம் எடுத்தது.