சரித்திர நாவலையும் மர்ம நாவலையும் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நல்ல சரித்திர நாவலை முடித்தவர், அடுத்து எதைப் படிக்கலாம் என்று தேடும்போது, பெரும்பாலும் அதே மன்னரையோ அதே வம்சத்தையோ பற்றிய இன்னொரு நாவலையே கையில் எடுக்கிறார். பல வாசகர்களின் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்', சாண்டில்யனின் 'கடல் புறா' ஆகிய இரண்டுமே சோழர் காலக் கதைகள். ஆனால் முன்னது அரண்மனைச் சதியையும் எளிய உரையாடலையும் நகைச்சுவையையும் நம்பி நடக்கிறது. பின்னது மரக்கலங்களையும் போர்த் தந்திரங்களையும் நீண்ட வர்ணனைகளையும் நம்பி நடக்கிறது. ஒன்றில் மனம் பறிகொடுத்தவருக்கு மற்றொன்று பிடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. நம்மைக் கட்டிப்போட்டது சோழரா, அல்லது ஒரு செய்தியை எப்போது சொல்வது, எதுவரை மறைத்துவைப்பது என்ற அந்த எழுத்தாளரின் கணக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் என்று தோன்றினால், அடுத்த நூலை வேறொரு நூற்றாண்டிலும் வேறொரு நாட்டிலும்கூடத் தேடலாம்.

மர்ம நாவல்களில் இதே தவறு வேறு வடிவில் நேர்கிறது. துப்பறியும் கதை, திகில் கதை, சஸ்பென்ஸ் கதை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது அவருக்கு முன்பே தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமலிருந்தால், வெடிக்கும்வரை நீள்வது பதைபதைப்பு. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சொன்ன இந்த வேறுபாடு நாவலுக்கும் அப்படியே பொருந்தும். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்களில் கொலையாளி யார் என்பது கடைசிவரை மறைக்கப்படுகிறது. பாட்ரீசியா ஹைஸ்மித் 1955இல் வெளியிட்ட 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' நாவலிலோ, கொலை செய்பவனின் அருகிலேயே நாம் நடக்கிறோம்; அவன் பிடிபடுவானா என்பதே கேள்வி. புதிரை விடுவிப்பதில் மகிழ்பவர் ஹைஸ்மித்தை எடுத்துக்கொண்டு, 'இதில் மர்மமே இல்லையே' என்று மூடி வைப்பது வருத்தத்துக்குரியது. அந்த நூலில் குறை எதுவும் இல்லை, தேர்வுதான் தவறியது.

முடிவு தெரிந்த கதையில் விறுவிறுப்பு இருக்காது என்பது மற்றொரு தவறான எண்ணம். வரலாறு தெரிந்தவர்கள் பலர் சரித்திர நாவலைத் தவிர்ப்பதற்கும், யாரோ முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்று மர்ம நாவலைக் கைவிடுவதற்கும் இதுவே காரணம். ஃபிரெடரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் தி ஜக்கால்', பிரெஞ்சு அதிபர் சார்ல் தெ கோல் அவர்களைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளி அமர்த்தப்படும் கதை. தெ கோல் கொலையுண்டு இறக்கவில்லை என்பதும், 1970இல் இயற்கை மரணம் எய்தினார் என்பதும் அன்றைய வாசகர் அனைவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த நாவலைப் பாதியில் கீழே வைக்க முடிவதில்லை. கொலையாளி எப்படித் தயாராகிறான், காவல்துறை எந்தச் சிறு தடயத்தைப் பிடித்துக்கொண்டு அவனை நெருங்குகிறது என்பவற்றிலேயே அதன் பிடி இருக்கிறது. நல்ல சரித்திர நாவலும் இதே திறமையால்தான் நிற்கிறது. எனவே இவ்விரு வகைகளையும் தனித்தனி உலகங்களாகக் கருதுவதே, என் பார்வையில், வாசகர் செய்யும் மிகப் பெரிய பிழை. உம்பர்ட்டோ எக்கோவின் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' (1980), 1327ஆம் ஆண்டின் ஒரு துறவி மடத்தில் நிகழும் மரணங்களைத் துப்பறிகிறது. கிறிஸ்டியே பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்டு ஒரு கொலைக் கதை எழுதியிருக்கிறார். ஜோசஃபின் டேயின் 'தி டாட்டர் ஆஃப் டைம்' (1951) நாவலில், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் ஒரு காவல் அதிகாரி, இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் மீதான கொலைப் பழியைப் பழைய பதிவுகளைக் கொண்டே விசாரிக்கிறார். ஒரு வகையிலிருந்து மற்றதற்குச் செல்ல விரும்புபவர் இத்தகைய நூல்களிலிருந்து தொடங்குவது நல்லது.

நாவலை வரலாறாகவே எடுத்துக்கொள்ளும் தவறு நாம் நன்கு அறிந்ததே. ஆயினும் அதன் மறுபக்கத்தை, அதாவது கற்பனை கலந்தது என்பதற்காகவே நாவலை ஒதுக்கும் போக்கை, நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 'பொன்னியின் செல்வ'னில் வரும் நந்தினி கல்கியின் படைப்பு. வந்தியத்தேவனோ குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் இடம்பெறுபவர். சோழ இளவரசர் ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது; அவற்றுள் ரவிதாசன் என்ற பெயரும் உண்டு. ஆனால் அந்தக் கொலை எப்படி நடந்தது என்பதைக் கல்வெட்டு விவரிக்கவில்லை. சான்று நின்றுபோகும் அந்த இடத்தில்தான் நாவலாசிரியர் எழுதத் தொடங்குகிறார். கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கியும் ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்திவிடவில்லை. இந்த எல்லையை அறிந்து படிக்கும்போது நூலின் மீதுள்ள மதிப்பு கூடுகிறதே தவிர, குறைவதில்லை. ஆகவே ஆசிரியரின் முன்னுரை, பின்னுரை, அடிக்குறிப்பு ஆகியவற்றைத் தாண்டிச் செல்லக் கூடாது. எது சான்று, எது கற்பனை என்று சொல்லும் எழுத்தாளர், அடுத்த நூலுக்கும் நம்பிக்கையோடு நாடத்தக்கவர். கதை முடிவதற்கு முன் பின்னுரையைப் படிக்க வேண்டாம் என்பது மட்டுமே இங்கே எச்சரிக்கை.

தொடர்கதையாக வந்த நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டுக் குறை சொல்வதும் நியாயமாகாது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. வில்கி காலின்ஸின் 'தி உமன் இன் வைட்' 1859, 1860ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தது. ஒரு வாரம் காத்திருக்கப்போகும் வாசகருக்காகவே ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் ஒரு கேள்வி தொங்கவிடப்பட்டது. முன்கதையும் அவ்வப்போது நினைவூட்டப்பட்டது. ஒரே நாளில் முப்பது அத்தியாயங்களைக் கடப்பவருக்கு இவை செயற்கையாகவும் கூறியது கூறலாகவும் தோன்றும். நாளொன்றுக்கு மூன்று, நான்கு அத்தியாயங்கள் என்று படித்தால் அந்த நடையின் இயல்பான வேகம் பிடிபடும்.

வரிசையைப் பொறுத்தவரை, எழுதப்பட்ட வரிசையில் படிப்பதே பெரும்பாலும் சிறந்தது. கல்கி 'பார்த்திபன் கனவு' நாவலை எழுதிய பிறகே 'சிவகாமியின் சபத'த்தை எழுதினார். கதைக் காலமோ நேர்மாறானது. முன்னதில் மகளுள்ள முதிர்ந்த மன்னராகக் காணும் நரசிம்மவர்மரைப் பின்னதில் இளவரசராகச் சந்திப்பதில் தனிச் சுவை உண்டு, எழுத்தாளர் வளர்ந்திருப்பதும் கண்கூடாகத் தெரியும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். துறவி காட்ஃபேல் துப்பறியும் கதைகளை எழுதிய எல்லிஸ் பீட்டர்ஸ், ஈடித் பார்கெட்டர் என்ற தம் சொந்தப் பெயரில் சரித்திர நாவல்களும் எழுதியவர். ஒரு பெயரை மட்டும் தேடுபவர் அவருடைய உழைப்பில் பாதியைத் தவறவிடுகிறார். கிறிஸ்டியின் சில நாவல்கள் இங்கிலாந்தில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் வேறொரு தலைப்பிலும் வந்தவை. 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' அமெரிக்காவில் 'மர்டர் இன் தி கலே கோச்' என்று வெளியானது. வாங்குவதற்கு முன் முதல் வெளியீட்டின் ஆண்டையும் மூலத் தலைப்பையும் ஒப்பிட்டால், ஒரே நூலை இருமுறை வாங்க நேராது.

இறுதியாக, சுருக்கப் பதிப்பைப் படித்துவிட்டு ஓர் எழுத்தாளரை எடைபோடக் கூடாது. சுருக்குபவர் முதலில் வெட்டுவது வர்ணனையையும் கிளைக்கதையையும்தான். சரித்திர நாவலில் அக்காலத்தின் உயிர் இருப்பதும், மர்ம நாவலில் தடயங்கள் ஒளிந்திருப்பதும் அவற்றிலேயே. 'பொன்னியின் செல்வன்' என்றால் ஐந்து பாகங்களும் முழுமையாக உள்ளனவா என்றும், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்து, நடுவிலுள்ள ஏதேனும் ஓர் அத்தியாயத்தில் நான்கு பக்கங்களைப் படித்த பின் முடிவெடுக்கலாம். தொடக்க அத்தியாயத்தைச் செதுக்காத எழுத்தாளர் அரிது. நடுப்பகுதியிலும் அதே அக்கறை தெரிந்தால், அவருடைய மற்ற நூல்களையும் தயங்காமல் குறித்துக்கொள்ளலாம்.