மாதிரி விமானத்துக்குக் கவரிங் துணி: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்சா மரத்தில் மாதிரி விமானம் கட்டுபவர்கள் ரிப்புகளையும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள்) ஸ்பாரையும் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைக் குச்சி) மாதக்கணக்கில் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துவிட்டு, அதன்மேல் போர்த்தும் பொருளை மட்டும் நிறத்தையும் விலையையும் பார்த்து ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். நாங்கள் மாதிரி விமானம் பறக்கவிடும் திடலுக்கு வரும் இளைஞர்களைக் கவனிக்கும்போது, தொடக்க காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் வரிசைகூட மாறாமல் திரும்ப வருவது தெரிகிறது. அயர்னின் சூடு, மூலைகளில் சுருக்கமில்லாமல் இழுப்பது, கத்தியைக் கூராக வைத்திருப்பது ஆகியவற்றைப் பழக்கம் கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பொருளைத் தேர்வதில் நேரும் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை தவறுகள் என்று புரியும் நேரத்தில் விமானம் முழுவதும் போர்த்தி முடிந்திருக்கும்.

சுருளில் அச்சிட்ட எடையை மட்டும் பார்ப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். அயர்னால் ஒட்டும் பாலியெஸ்டர் துணிகள், உதாரணமாக இன்று கிடைக்கும் ஓராடெக்ஸும் இப்போது தயாரிப்பில் இல்லாத சோலார்டெக்ஸும், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 85 முதல் 105 கிராம் வரை எடை உள்ளவை. ஓராகவர் போன்ற ஃபிலிம்கள், அதாவது நெசவில்லாத மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், ஏறத்தாழ 60 முதல் 70 கிராம். இந்த எண்களை ஒப்பிட்டு, வித்தியாசம் பெரிதில்லை என்று துணியைத் தேர்கிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. நிறமேற்றாத வெள்ளைத் துணி நிறத்துணியைவிடச் சற்று லேசாகவும் மலிவாகவும் இருப்பதால் அதையே வாங்கி, பிறகு வண்ணம் அடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்கள். பறக்கப் போவது சுருளில் இருக்கும் துணி அன்று. வண்ணம் காய்ந்த பிறகு சட்டத்தின்மேல் இருக்கும் போர்வை.

கணக்கைப் பைப்பர் ஜே-3 கப் என்ற சிறிய விமானத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் துணி போர்த்த விரும்புபவர்களில் பலர் அதைத்தான் கட்டுகிறார்கள். அசல் விமானத்தின் இறக்கை நீளம் 10.7 மீட்டருக்குச் சற்று மேல். இறக்கைப் பரப்பு 178.5 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டினால் நீளம் 1.8 மீட்டர் ஆகும். பரப்போ 36-இல் ஒரு பங்காகக் குறைந்து 46 சதுர டெசிமீட்டர் ஆகும். மேலும் கீழும் போர்த்த வேண்டும் என்பதால் இறக்கைக்கு மட்டும் 0.92 சதுர மீட்டர். வாலையும் உடல்பகுதியையும் சேர்த்தால் சுமார் 1.45 சதுர மீட்டர் வரும். 90 கிராம் துணி என்றால் 130 கிராம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் திடலுக்கு ஓர் இளைஞர் கொண்டுவந்த கப்பில், அந்த வெள்ளைத் துணியின்மேல் நெசவின் துளைகளை அடைக்க ஒரு பூச்சும், அதன்மேல் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சும், பிறகு மஞ்சள் 2 கையும், எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்புக்கு ஒரு கையும் இருந்தன. வெள்ளிப் பூச்சு எதற்கு என்று கேட்டேன். “பெரிய விமானத்தில் அப்படித்தான் அடிக்கிறார்கள், சார்” என்றார். அது உண்மைதான், ஆனால் அங்கே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயிலில் நிற்கும் விமானத்தின் துணியைப் புற ஊதாக் கதிர்கள் அரித்துவிடும். அலுமினியத் தூள் அந்த ஒளியைத் தடுக்கிறது. வாரம் ஒரு முறை காலையில் பறந்துவிட்டு அலமாரிக்குத் திரும்பும் மாதிரிக்கு அந்தக் காவல் தேவையே இல்லை. காரணத்தை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால் சேர்ந்தது வெறும் சுமைதான்.

இப்படி அடுக்கினால் பூச்சுகள் மட்டுமே சதுர மீட்டருக்கு 90 கிராம் வரை எளிதில் ஏறிவிடும்; அதாவது இன்னொரு துணியையே மேலே போர்த்தியது போல. மொத்தத்தில் மேலும் 130 கிராம். அதைவிட மோசமான பகுதி இனிமேல்தான் வருகிறது. வால்பகுதியின் இருபுறமும் சேர்ந்து சுமார் 0.18 சதுர மீட்டர். அங்கே மட்டும் 16 கிராம் பூச்சு. இந்த அளவு கப்பில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் ஏறத்தாழ 70 செ.மீ. பின்னால் இருக்கிறது, அதைச் சமன்செய்ய முன்னால் ஈயம் வைக்கக் கிடைக்கும் இடமோ 28 செ.மீ. தூரத்தில்தான். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 2.5 கிராம் வைக்க வேண்டும். ஆகவே 40 கிராம் ஈயம். உடலின் பின்பாதியையும் சேர்த்தால் 50 கிராமுக்கும் மேல். எல்லாம் சேர்ந்து 180 கிராம். நிறத்துணியை 105 கிராம் எடையிலேயே வாங்கியிருந்தாலும் மொத்தத்தில் 22 கிராம்தான் கூடியிருக்கும்; பூச்சே தேவைப்பட்டிருக்காது. 2 கிலோ எடைக்குத் திட்டமிட்ட விமானத்தில் இந்த 158 கிராம் வித்தியாசம் இறக்கையின் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரிலும் 3.4 கிராமாக உட்காருகிறது.

அந்தக் கப் பார்க்க மிக அழகாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கியபோது வால் தரையைத் தேடியது. மூக்கை மூடும் கௌலிங்குக்குள் இடமில்லாமல் போகும்வரை ஈயத் துண்டுகளை ஒட்டினோம். ஏறும்போது இழுத்துக்கொண்டுதான் ஏறியது. முதல் திருப்பத்தில், காற்று பின்னாலிருந்து வந்த கணத்தில், இடது இறக்கை நுனி சட்டென்று விழுந்தது. ஸ்பார் உடலோடு சேரும் இடத்திலேயே முறிந்துவிட்டது. “துணி 90 கிராம்தானே, சார்?” என்று அவர் மறுபடியும் கேட்டபோது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பூச்சின் எடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் சுருளை விற்றவர்மேல்தான் வந்தது.

இதைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மிஞ்சிய பால்சாக் குச்சிகளில் 20-க்கு 25 செ.மீ. அளவில் ஒரு சட்டம் செய்யுங்கள். நகை எடைபோடும் சிறிய மின்னணுத் தராசில் அதை வெறுமையாக ஒரு முறை, துணி போர்த்திய பின் ஒரு முறை, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் ஒரு முறை எடை பார்த்து, குச்சியின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். கூடிய எடையை 20-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். அதே சட்டம் இன்னொன்றையும் காட்டும்: துணி இறுகும்போது குச்சிகள் உள்நோக்கி வளைந்தால், உங்கள் விமானத்தின் எலிவேட்டரும் ரடரும் (வாலில் அசையும் பரப்புகள்) அந்தத் துணியின் இழுப்பைத் தாங்கப் போவதில்லை. இறக்கை நீளம் 1.2 மீட்டருக்குக் குறைவான விமானங்களுக்குப் பெரும்பாலும் விடை இதுவாகத்தான் இருக்கும்; அவற்றுக்கு டிஷ்யூவோ (மெல்லிய தாள்) மெல்லிய ஃபிலிமோதான் பொருந்தும்.

பழைய வரைபடத்துக்குப் புதிய ஃபிலிம்

டிஷ்யூவும் டோப்பும் (காயும்போது போர்வையை இறுக்கும் பூச்சு) மட்டுமே புழக்கத்தில் இருந்த காலத்து வரைபடங்களில், இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கான விறைப்பில் ஒரு பகுதியை அந்தப் போர்வையே கொடுக்கும் என்று எண்ணித்தான் மரத்தைக் குறைத்திருப்பார்கள். அதன்மேல் நெகிழும் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிமைப் போர்த்தினால் சட்டம் தனித்து நிற்கிறது. கையில் பிடித்து நுனியை முறுக்கிப் பார்த்தாலே தெரியும். வேகமாக இறங்கும்போது இறக்கை படபடக்கத் தொடங்கினால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பழைய வரைபடத்தைத் தேர்ந்தவர் அதன் போர்வையையும் தேர்ந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். இல்லையென்றால் ரிப்புகளுக்கு நடுவே குறுக்குக் குச்சிகள் சேர்க்க வேண்டும்.

துணிக்கடை லைனிங்

பாலியெஸ்டர்தானே என்று லைனிங் துணியை வாங்கிவந்து அயர்ன் வைத்தும் அது இறுகவில்லை என்று வருத்தப்படுபவர்கள் பலர். ஆடைக்கான துணியை ஆலையிலேயே சூடேற்றி நிலைப்படுத்திவிடுகிறார்கள். அது சுருங்க வேண்டிய சுருக்கம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. விமானத்துக்கென்று விற்பது அந்த வேலை செய்யப்படாத துணி. லைனிங்கில் சில ரகங்கள் ஓரளவு இறுகத்தான் செய்யும். மேலே சொன்ன சட்டத்தில் சோதித்த பிறகே மீட்டர் கணக்கில் வாங்க வேண்டும்.

பட்டு

பட்டு அருமையான போர்வை. ஆனால் புடவைப் பட்டு அன்று. 5 மொம்மே (பட்டின் எடையைக் குறிக்கும் அலகு) பட்டு சதுர மீட்டருக்கு சுமார் 22 கிராம். தேடவேண்டியது அந்த அளவு மெல்லிசு. பசையும் நிறமும் அதில் இல்லை. இறுக்கத்தைக் கொடுப்பது டோப்தான். ஆகவே டோப்பின் எடையையும் சேர்த்துத்தான் பட்டைத் தேர வேண்டும். கடலோர ஊர்களில் ஈரக்காற்று வீசும் மாதங்களில் பட்டு சற்றுத் தளரும் என்பதும், பாலியெஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டோப் வகைகளைக் கலப்பது

நைட்ரேட் டோப்பின்மேல் பியூட்டிரேட் டோப் நிற்கும். பியூட்டிரேட்டின்மேல் நைட்ரேட் உரியும்.

தேவையில்லாத எரிபொருள் காப்பு

எரிபொருள் போர்வையைக் கெடுக்காமல் காக்கும் மேல்பூச்சு, மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த குளோ எஞ்சின் எரிபொருளுக்குத்தான். மின்மோட்டாருக்கு வேண்டாம்.

தெர்மோகோல் இறக்கைக்குச் சூடான அயர்ன் துணி

உருகிவிடும்.

முள் காட்டை மறந்து ஃபிலிம் வாங்குவது

ஃபிலிம் லேசானது, துடைத்தால் சுத்தமாகிவிடும். ஆனால் ஒரு சிறு துளை விழுந்தால் கிழிசல் அங்கிருந்து ஓடும். சீமைக்கருவேலம் சூழ்ந்த திடலில் பறப்பவர்கள் துணியின் கூடுதல் எடையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். குறைந்தது உடல்பகுதியின் அடிப்பக்கத்துக்கும் இறக்கையின் கீழ்ப்பக்கத்துக்குமாவது துணி போடுங்கள்.

அளவு பார்த்து வாங்குவது

மேலே சொன்ன கப்புக்கு 1.45 சதுர மீட்டர் வேண்டும் என்றால், 2 சதுர மீட்டருக்குக் குறையாமல் ஒரே சுருளிலிருந்து வாங்க வேண்டும். வெட்டும்போது ஓரங்கள் வீணாகும்; நெசவின் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் துண்டுகளைத் திருப்பி வைத்து மிச்சம் பிடிக்கவும் முடியாது. அடுத்த முறை வரும் சுருளில் மஞ்சள் அதே மஞ்சளாக இருப்பதில்லை. மிஞ்சும் துண்டை வெயில் படாமல் சுருட்டி வையுங்கள். முதல் கிழிசலுக்கு அதிலிருந்துதான் ஒட்டு வெட்ட வேண்டியிருக்கும்.