அமெரிக்க அதிபர் போர் மிரட்டல் விட்டால்: செய்தியைப் படிப்பது எப்படி?

"ராணுவ நடவடிக்கைக்கும் தயங்க மாட்டோம்" என்று அமெரிக்க அதிபர் சொன்னதும் போர் வந்துவிட்டதாகப் பதற வேண்டாம், வெறும் பேச்சு என்று ஒதுக்கவும் வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: போர் அறிவிப்பைத் தேடாதீர்கள்.
போரை அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான். அதிபர் படைகளின் தலைமைத் தளபதி. ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில். கொரியா, வியட்நாம், இராக் எதற்கும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை.

படி 2: ஒப்புதல் தீர்மானம் இருக்கிறதா?
போர் அறிவிப்புக்குப் பதிலாக, படையைப் பயன்படுத்த அனுமதித்து காங்கிரஸ் நிறைவேற்றும் தீர்மானம் இது. இருந்தால் வாசகத்தைப் படியுங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, அதனால்தான் அடுத்தடுத்து வந்த அதிபர்கள் அதையே காட்டிப் பல நாடுகளில் தாக்குதல் நடத்த முடிந்தது.

படி 3: கெடுவை எண்ணுங்கள்.
அதிபர் நிக்சனின் வீட்டோவையும் (மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம்) மீறி 1973இல் வந்த சட்டப்படி, படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், படையைப் பத்திரமாக விலக்கிக்கொள்ள இன்னும் 30 நாள் உண்டு. 2011இல் லிபியாவில் 60 நாள் தாண்டியபோது, தரைப்படை இறங்கவில்லை, எனவே இது சட்டம் சொல்லும் சண்டையே அல்ல என்று ஒபாமா அரசு வாதாடியது. எனக்கு அந்த வாதம் இன்றுவரை ஏற்புடையதாக இல்லை, குண்டு விழுகிற ஊரில் அது சண்டைதான்.

படி 4: படை நகர்ந்ததா?
இதுதான் முக்கியம், ஏனென்றால் வெறும் மிரட்டலுக்கு அந்த 60 நாள் ஓடாது. பதவி விலகாவிட்டால் படையெடுப்போம் என்று அதிபர் கிளிண்டன் மிரட்டியிருந்த நிலையில், 1994 செப்டம்பர் 18 அன்று கரீபியன் நாடான ஹைட்டியில் முன்னாள் அதிபர் கார்ட்டர், ஓய்வுபெற்ற தளபதி காலின் பவல், செனட்டர் சாம் நன் மூவரும் ராணுவ ஆட்சியாளர் செட்ராஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடிவதற்குள் 82ஆம் வான்வழிப் பிரிவின் வீரர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து விமானங்கள் கிளம்பிவிட்டன. செய்தி அந்த அறைக்கே வந்து சேர்ந்தது. செட்ராஸ் பதவி விலகச் சம்மதித்தார், விமானங்கள் பாதி வழியில் திரும்பின. ஐ.நா. பாதுகாப்பு சபையின் அனுமதி இருந்தது, காங்கிரஸின் ஒப்புதல் இல்லை. மிரட்டல் பலித்ததால் பலரும் இதைப் பாராட்டுகிறார்கள், சரி, செட்ராஸ் மறுத்திருந்தால்? காங்கிரஸில் ஒரு ஓட்டுகூட விழாமல் படையெடுப்பு நடந்திருக்கும். படையை நகர்த்தும் முன்பே கேட்கவேண்டிய கேள்வி இது.

படி 5: ஓட்டை எண்ணுங்கள்.
அதிபரைத் தடுக்கத் தீர்மானம் வந்தால் பெரும்பான்மை மட்டும் போதாது, வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019இல் ஏமன், 2020இல் ஈரான் தொடர்பான தீர்மானங்கள் இரண்டும் நிறைவேறின. டிரம்ப் இரண்டையும் வீட்டோ செய்தார், இரண்டு முறையும் அந்தப் பலம் கிடைக்கவில்லை.