டிகாஷன் இறங்காமல் நின்ற கதையும் கிரைண்டர் வாங்கும் கணக்கும்

வறுத்த காபிக்கொட்டையை வாங்கி வீட்டிலேயே அரைக்கலாம் என்று முடிவு செய்தவுடன் பலரும் எடுப்பது மிக்ஸியைத்தான். நானும் எடுத்தேன். முத்தியால்பேட்டை வீட்டில் அன்று ஃபில்டரில் ஊற்றிய வெந்நீர் முக்கால் மணி நேரம் அசையவில்லை. திறந்தால் மேலே சேறு. கரண்டியை விட்டால் அடியில் நறநறவென்று குருணை. பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்குமே தவிர, ஒரே சீராக அரைக்காது. மாவாகிப்போனது துளைகளை அடைக்கும். குருணையாக நின்றது சாறு விடாது. குறைந்த விலை பிளேடு கிரைண்டரும் மிக்ஸிக்குத் தம்பிதான். அதை வாங்காதீர்கள்.

வேண்டியது 'பர்' வகை. திரிகைபோல இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நொறுங்கி, வைத்த இடைவெளிக்கு ஏற்பத் தூளாக விழும். ஃபில்டருக்கு, இயந்திர அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெசோ காபித் தூளைவிடச் சற்றுப் பருமனாக இருந்தால் போதும். நாற்பது வகை அளவு வைக்கலாம் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வாட் கணக்கைப் பார்த்து மயங்குவதும் வீண். நான்கு பேர் வீட்டுக்குக் காலையில் 40 கிராம் தூள் தாராளம். கையால் சுற்றுவதையே வாங்கினால் மோட்டாருக்குப் போகும் பணம் கொட்டையை அரைக்கும் பல்லுக்குப் போகும். இரண்டு தடவை போட்டு அரைக்க வேண்டியிருக்கும், கையும் கொஞ்சம் வலிக்கும். கடையிலேயே நடுத்தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் தூள் சீராக வராது.

நம் ஊர் உப்புக்காற்றை மறந்துவிடுகிறோம். எஃகுப் பல்லைத் தண்ணீரில் கழுவினால், அதுவும் ஐப்பசி அடைமழையில், துரு நிச்சயம். உலர்ந்த பிரஷ் போதும். பீங்கான் பல் துருப்பிடிக்காது. ஆனால் கொட்டையோடு ஒரு பொடிக்கல் போனாலும் சில்லு பெயரும். என் ஓட்டு எஃகுக்கே. சிக்கரியை உள்ளே போடவே போடாதீர்கள். ஈரத்தை இழுத்துப் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். அரைத்த பிறகு கலந்துகொள்ளலாம்.

வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் மின்கிரைண்டரைச் செருகுமுன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பிரான்ஸிலிருந்து வந்தது என்றால் பயமில்லை, அங்கும் 230 வோல்ட்தான். அமெரிக்காவிலிருந்து வந்தது பெரும்பாலும் 120 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் காபி மணத்துக்கு முன் மோட்டார் கருகும் வாடை வரும்.